சுழிக்குக் கீழே ஒரு வரலாறு

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் ஒரு கதை வழங்குகிறது. இரட்டைப் புலவர் என்போர் இருவர். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் தோளில் ஒருவர் அமர்ந்து ஊர் ஊராகச் சென்று பாடியவர்கள். அவர்கள் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடினர். பாடும்போது, பம்பை ஆறும் கோயிலும் ஒன்றுக்கொன்று எத்திசையில் உள்ளன என்பதை மாற்றிப் பாடிவிட்டனர். அவையோர் பிழையைச் சுட்டிக் காட்டினர். பிறகு என்ன நடந்தது? புலவர்கள் பாட்டைத் திருத்தினார்களா? இல்லை! பெருமழை கொட்டிற்றாம், வெள்ளம் பெருகிற்றாம், பொழுது விடிந்து பார்த்தால், ஆறே இடம் மாறிப் பாட்டுக்கு ஏற்றபடி ஓடிக்கொண்டிருந்ததாம்!

கலம்பகத்தின் தமிழ்ச்சுவை பற்றி நமக்குக் குறையேதும் இல்லை. உடற்குறையைத் தோழமையால் வென்ற இரு புலவர்களின் வாழ்வு போற்றத்தக்கதே. ஆனால், அந்தக் கதை நமக்குக் கற்பிக்க முயலும் பாடம் இருக்கிறதே, அதைத்தான் எண்ணிப் பார்க்கவேண்டும். சொல் தவறினால் சொல்லைத் திருத்துவது அறிவு. சொன்னவர் பெரியவர் என்பதற்காக ஆற்றைத் திருத்தச் சொல்வது அடிமைத்தனம்.

கதை ஒருபுறம் இருக்கட்டும். அதே ஊரில், அதே ஆற்றங்கரையில், அற்புதம் ஏதுமின்றி நாள்தோறும் திசை மாறிக்கொண்டுதான் இருக்கிறது! கோயில் வாயிலில் நிற்பவனுக்கு ஆறு கிழக்கே என்றால், ஆற்றங்கரையில் நிற்பவனுக்குக் கோயில் மேற்கே. ஆறும் நகரவில்லை, கோயிலும் நகரவில்லை. நிற்கும் இடம் மாறியது. திசையின் பெயர் மாறியது. இந்த எளிய உண்மையை, எண்ணுக்கு முன்னால் இடும் ஒரு சிறு கோட்டினால் குறிக்கக் கற்றுக்கொள்ள மனித இனம் எத்தனை நூற்றாண்டுகள் தடுமாறிற்று தெரியுமா, தோழர்களே?

குறை எண் என்கிறோமே, சுழிக்குக் கீழே நிற்கும் எண், அதன் வரலாறு அறிஞர்களையே தலைகுனிய வைத்த வரலாறு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளவேண்டிய தேவை இன்று நமக்கு ஏன் வந்தது?

மந்திரமாகிவிட்ட கணக்கு

இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலேயே ‘முழுக்கள்’ என்னும் பாடம் வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பில் வரைபடத்தாள் வருகிறது. கிடையாக ஒரு கோடு, நிலையாக ஒரு கோடு, இரண்டும் வெட்டுமிடத்தில் ஆதிப்புள்ளி. பதினோரு வயதுப் பிள்ளை ஏழிலிருந்து மூன்றைக் கழிக்கத் தெரிந்தவள். மூன்றிலிருந்து ஏழைக் கழிக்க முடியாது என்றுதான் நேற்றுவரை அவளுக்குச் சொல்லப்பட்டது. இன்று, முடியும், விடை ‘குறை நான்கு’ என்கிறார்கள். நேற்று முடியாதது இன்று எப்படி முடிந்தது? பிள்ளை கேட்கிறாள். அல்லது கேட்க நினைத்து, கேட்டால் திட்டு விழும் என்று வாயை மூடிக்கொள்கிறாள்.

அதற்கு மறுமொழியாக அவளுக்குக் கிடைப்பது என்ன? “மைனசும் மைனசும் ப்ளஸ்” என்னும் ஓர் ஓசை! பொருள் கேளாதே, ஓது. ஓதினால் மதிப்பெண் வரும். பொருள் தெரியாத ஒலியை ஓதினால் புண்ணியம் என்று சொன்ன பழைய திண்ணைக்கும், பொருள் தெரியாத விதியை ஒப்பித்தால் மதிப்பெண் என்று சொல்லும் இந்த வகுப்பறைக்கும் என்ன வேறுபாடு?

விளைவையும் காணுங்கள். குறை மூன்றிலிருந்து மேலும் இரண்டைக் கழிக்கச் சொன்னால், அதே பிள்ளை “மைனசும் மைனசும் ப்ளஸ்” என்று ஓதி, மிகை ஐந்து என்று எழுதுகிறாள். மூன்று ரூபாய் கடன்பட்டவன் மேலும் இரண்டு ரூபாய் கடன் வாங்கியதால் ஐந்து ரூபாய்க்குச் செல்வனாகிவிட்டான்! பெருக்கலுக்குச் சொன்ன விதியைக் கழித்தலுக்குப் போட்டுவிட்டாள். குற்றம் பிள்ளையுடையதன்று. மந்திரத்திற்கு எல்லை இல்லை; காரணத்திற்குத்தான் எல்லை உண்டு. காரணம் தெரிந்தவளுக்கே விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது தெரியும்.

இங்கேதான் வரலாறு துணைக்கு வருகிறது. “உனக்குப் புரியவில்லையா? நீ மந்தம்” என்று கூறும் ஆசிரியரிடம் வரலாறு கூறும்: “பொறுங்கள்! இந்தப் பிள்ளை கேட்ட கேள்வியைத்தான் உலகின் பேரறிஞர்களும் கேட்டார்கள்!”

சிவப்புக் குச்சியும் கறுப்புக் குச்சியும்

முதலிற் சீனத்தைக் காண்போம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே தொகுக்கப்பட்ட ‘ஒன்பது அதிகாரங்கள்’ என்னும் கணித நூலில், குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் உள்ளன. அந்நூலுக்குக் கி.பி. 263-இல் உரை எழுதிய லியூ ஹுய், மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சியும் குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சியும் கொள்ளலாம் என்றார். இன்று கணக்கேட்டில் நட்டத்தைச் சிவப்பு மையால் எழுதுகிறோம். அவர்களோ நேர்மாறாக வைத்துக்கொண்டனர். நிறத்தில் என்ன இருக்கிறது? இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும் எதிர்ப்பொருள்கள் என்பதே உண்மை. எது சிவப்பு, எது கறுப்பு என்பது நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு.

அடுத்து நம் நாடு. கி.பி. 628-இல், இன்றைய இராசத்தானத்தைச் சேர்ந்த பில்லமாலத்தில் வாழ்ந்த பிரம்மகுப்தர், தம் முப்பதாம் வயதில் எழுதிய நூலில் சுழிக்கும் குறை எண்ணுக்கும் விதிகள் வகுத்தார். உடைமையைக் குறிக்கும் ‘தனம்’ என்ற சொல்லால் மிகை எண்ணையும், கடனைக் குறிக்கும் சொல்லால் குறை எண்ணையும் அழைத்தார். கடனும் கடனும் கூடினால் கடன். உடைமையும் அதற்குச் சமமான கடனும் கூடினால் சுழி. கடனைக் கடனால் பெருக்கினால் உடைமை. பிள்ளைகள் இன்று படிக்கும் விதிகள் பெரும்பாலும் அங்கே உள்ளன. சுழியைச் சுழியால் வகுத்தால் சுழி என்று அவர் கூறியது மட்டும் பிழை.

பெருமையைச் சொன்ன நாம் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. எண்ணின் உலகில் இவ்வளவு துணிந்து சென்ற அதே பிரம்மகுப்தர், கிரகணம் நிழலால் நிகழ்வது என்பதை அறிந்திருந்தும், இராகு விழுங்கும் கதையை மறுத்தவர்களைச் சாத்திரத்தின் பெயரால் கண்டித்தார். ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி, இத்தகைய அறிஞர் உண்மையை அறிந்தும் ஏன் இப்படி வளைந்து பேசினார் என்று வருந்தி எழுதியிருக்கிறார். ஒரு துறையில் வீரர், மறு துறையில் பணிந்தவர்! இதை ஏன் குறிப்பிடுகிறோம்? எந்தப் பெயருக்காகவும் உண்மை காத்திருக்கவேண்டியதில்லை என்பதற்காக.

1150-ஆம் ஆண்டளவில் வந்தார் இரண்டாம் பாஸ்கரர். அவரிடம் இரண்டு கணக்குகள் உள்ளன. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், ஒரே மனிதரின் உள்ளத்தில் குறை எண் எப்படி ஏற்கப்பட்டும் மறுக்கப்பட்டும் நின்றது என்பது விளங்கும்.

முதற் கணக்கு ஒரு முக்கோணம். அடிப்பக்கம் 9, மற்ற பக்கங்கள் 10, 17. உச்சியிலிருந்து அடிக்கு ஒரு செங்குத்து இறக்கினால், அடிப்பக்கம் எந்த இரு துண்டுகளாகப் பிரியும்? கணக்கிட்டால் ஒரு துண்டு 15. மற்றது குறை 6! ஒன்பது நீளமுள்ள கோட்டில் பதினைந்து நீளத் துண்டா? பாஸ்கரர் மிரளவில்லை. குறை ஆறு என்றால், செங்குத்து அடிப்பக்கத்திற்கு வெளியே, எதிர்த்திசையில் ஆறு அளவு தள்ளி விழுகிறது என்று பொருள் கூறினார். வரைந்து பாருங்கள், அப்படியே இருக்கும். குறை என்பது ‘இல்லாமை’ அன்று, ‘எதிர்த்திசை’ என்ற உண்மை அங்கே ஒளிர்கிறது.

இரண்டாவது ஒரு குரங்குக் கூட்டம். கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, வந்ததை வர்க்கமாக்கினால், அத்தனை குரங்குகள் குகைக்குள் போயின. ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது. கூட்டம் எத்தனை? ஐம்பது என்றாலும் கணக்குச் சரி. ஐந்து என்றாலும் சரி. ஆனால் ஐந்து என்றால், ஐந்தில் ஒரு பங்காகிய ஒன்றிலிருந்து மூன்றைக் கழிக்க, குறை இரண்டு குரங்குகள்! இதை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று பாஸ்கரர் தள்ளிவிட்டார். அவர் தள்ளியது முறையே. கோட்டுக்கு எதிர்த்திசை உண்டு. குரங்குக்கு ஏது எதிர்த்திசை? குறை எண்ணை எங்கே ஏற்பது, எங்கே தள்ளுவது என்பதைப் பொருளை நோக்கித்தான் முடிவு செய்யவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறைக்குக் கிடைக்காது.

நம் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளோ மற்றொரு திசையில் ஆழம் கண்டவை. எண்சுவடியும் கணக்கதிகாரமும் வழங்கிய மண் இது. ஒன்றை 320 கூறாக்கி ஒரு கூற்றுக்கு முந்திரி என்று பெயரிட்டனர்; அந்த முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றனர். ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு! அவ்வளவு நுணுக்கமாகப் பின்னத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள் வளர்ந்து, நெல்லளந்து, நிலமளந்து, பற்றும் வரவும் நிலுவையும் எழுதினர். நிலுவை என்ற சொல் இருந்தது. கடன் என்ற சொல் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கேடு யார் கையில் இருந்தது? கணக்கெழுதத் தெரிந்தவன் கையில். கைநாட்டு வைத்தவன், தன் பெயருக்கு நேரே நின்ற எண் கூடிற்றா குறைந்ததா என்பதைக்கூட அறியமுடியாமல் நின்றான். இதை நினைவில் வையுங்கள். பிறகு இங்கே திரும்புவோம்.

ஐரோப்பாவின் தயக்கம்

மேனாட்டார் எல்லாவற்றையும் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள், நாம்தான் பின்தங்கினோம் என்று எண்ணுவோர் உண்டு. இந்த ஒன்றில் அந்த எண்ணம் தவிடுபொடியாகும். கிரேக்க மரபின் தயோபந்தர், குறை எண் விடையாக வரும் சமன்பாட்டை அபத்தம் என்று ஒதுக்கினார். செருமானியர் ஸ்டீபெல் 1544-இல் இவற்றை ‘அபத்த எண்கள்’ என்றார். இத்தாலியின் கார்டானோ 1545-இல் குறை எண் விடைகளைப் ‘புனைவு’ என்று பெயரிட்டே பயன்படுத்தினார். எதையும் ஐயுறு என்று உலகுக்குச் சொன்ன தெகார்த்தே 1637-இல் இவற்றைப் ‘பொய் மூலங்கள்’ என்றார். சுழியிலிருந்து நான்கைக் கழித்தால் சுழிதான் மிஞ்சும், இதுகூடப் புரியாதவர்கள் இருக்கிறார்கள் என்று பாஸ்கல் ஏளனம் செய்தார்!

பிரான்சின் புகழ்பெற்ற எழுத்தாளர் ஸ்டெந்தால், தம் பள்ளிப் பருவத்தை நினைவுகூர்ந்து எழுதியதில் இந்த வேதனை உண்டு. பதினாயிரம் பிராங்கு கடனை ஐந்நூறு பிராங்கு கடனால் பெருக்கினால் ஐம்பது இலட்சம் பிராங்கு செல்வம் எப்படி வரும் என்று அவர் திகைத்தார். ஆசிரியர்களோ விளக்கவில்லை; விதியைத் திரும்பத் திரும்பக் கூறினர். கணிதத்தில் போலித்தனம் இருக்கமுடியாது என்று நம்பியிருந்த சிறுவனின் உள்ளம் உடைந்தது. இன்று நம் ஊர்ப் பள்ளியில் வாயடைத்து நிற்கும் பிள்ளைக்கு இவர் தோழர்!

விளக்கம் இல்லாமலா போயிற்று? ரூபாயை ரூபாயால் யாரும் பெருக்குவதில்லை. ஐந்து ரூபாய்க் கடன்கள் மூன்றை ஒருவன் தலையில் ஏற்றினால் அவன் நிலை பதினைந்து இறங்கும். அந்த மூன்று கடன்களையும் நீக்கினால் அவன் நிலை பதினைந்து உயரும். ஏற்றுவது மிகை, நீக்குவது குறை. குறையைக் குறையால் பெருக்கினால் மிகை என்பதன் பொருள் இவ்வளவே.

மதுரையில் பிறந்தவர்

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவையானது. 1758-இல் பிரான்சிஸ் மாசரெஸ், குறை எண்களைக் கணிதத்திலிருந்து விரட்டவேண்டும் என்று ஒரு நூலே எழுதினார். அவர் வழியில் 1796-இல் வில்லியம் பிரெண்டு, குறை எண்ணே இல்லாமல் இயற்கணித நூல் செய்தார். இந்தப் பிரெண்டு யார்? பழைமைவாதியா? அன்று! கேம்பிரிட்ஜில் பட்டம் பெறுவோர் திருச்சபைக் கொள்கைக்குக் கையொப்பமிட வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்தவர். 1793-இல் வெளியிட்ட சிறு நூலுக்காகப் பல்கலைக்கழகத்தினின்று விலக்கப்பட்ட சீர்திருத்தக்காரர். விளங்காத எதையும் ஏற்கமாட்டேன் என்பது அவர் கொள்கை. சமயத்தில் அவரை உயர்த்திய அந்தக் கொள்கைதான் கணக்கில் அவரைக் கட்டிப்போட்டது.

அந்தப் பிரெண்டின் மகளை 1837-இல் மணந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் எங்கே பிறந்தார் தெரியுமா? நம் மதுரையில்! 1806-ஆம் ஆண்டு சூன் திங்களில் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சென்றவர். பிறந்த சிறிது காலத்திலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். சமய உறுதிமொழிக்கு இணங்காததால் கேம்பிரிட்ஜில் மேற்பட்டம் துறந்தவர். சமயச் சோதனை இல்லாத புதிய இலண்டன் பல்கலைக்கழகத்தில் 1828-இல் கணிதப் பேராசிரியரானவர். சமயக் கருத்துக்காக ஒருவருக்குப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டபோது, 1866-இல் தம் பதவியையே உதறியவர்.

கொள்கையில் மாமனாருக்கு ஏற்ற மருமகன். ஆனால் கணக்கில் ஓரடி முன்னே வைத்தார். 1831-இல் அவர் எழுதிய நூலில் ஒரு கணக்கு: தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29, எத்தனை ஆண்டு கழித்துத் தந்தையின் வயது மகனின் வயதைப்போல் இருமடங்காகும்? கணக்கிட்டால் விடை குறை 2. அபத்தம் என்று தூக்கி எறிவதா? டி மார்கன் கூறினார்: கேள்வி கேட்ட திசை தவறு. ‘எத்தனை ஆண்டு கழித்து’ என்று கேட்காமல் ‘எத்தனை ஆண்டுக்கு முன்’ என்று கேட்டிருக்கவேண்டும். ஈராண்டுக்கு முன் தந்தைக்கு 54, மகனுக்கு 27. சரியாக இருமடங்கு! அவர்கூட அன்று குறை எண்ணை முழு எண்ணாக ஏற்றுவிடவில்லை. ஆயினும் அது ஏதோ கூற வருகிறது என்று செவி சாய்த்தார்.

பிரெண்டு, டி மார்கன், இந்த இருவரும் பகுத்தறிவாளர்க்கு ஒரு பாடம். சொன்னார்கள் என்பதற்காக நம்புவது ஒரு மடமை. எனக்கு விளங்கவில்லை, ஆகவே இல்லை என்பது மற்றொரு மடமை. ஐயுறுவது அறிவின் தொடக்கம்; பொருள் காணும்வரை தேடுவதே அதன் முடிவு. 1867-இல் செருமானியர் ஹாங்கெல், பெருக்கலின் பங்கீட்டு விதி குறை எண்ணுக்கும் பொருந்தவேண்டுமானால், குறையும் குறையும் பெருக்க மிகைதான் வந்தாகவேண்டும், வேறு வழியில்லை என்று தெளிவாக்கினார். அதை ஏழாம் வகுப்புப் பிள்ளையும் காணலாம். இரண்டும் குறை இரண்டும் கூடினால் சுழி. அந்தச் சுழியைக் குறை மூன்றால் பெருக்கினாலும் சுழியே. குறை மூன்றை இரண்டால் பெருக்கக் குறை ஆறு. அப்படியானால் குறை மூன்றைக் குறை இரண்டால் பெருக்கி வருவது, அந்தக் குறை ஆற்றோடு சேர்ந்து சுழி ஆகவேண்டும். மிகை ஆறு தவிர வேறெது? இது எவருடைய ஆணையும் அன்று, காரணத்தின் விளைவு.

நான்கு கால்பகுதிகள்

குறை எண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தது கோடும் தளமுமே. 1685-இல் ஜான் வாலிஸ் எழுதிய நூலில், ஒருவன் ஐந்து கெசம் முன்னேறி எட்டுக் கெசம் பின்வாங்கினால் தொடங்கிய இடத்திலிருந்து எத்தனை கெசம் முன்னே நிற்கிறான் என்று கேட்டு, குறை மூன்று என்று விடை கூறினார்.

தளத்தைப் பற்றிப் பள்ளிகளில் ஒரு கதை உண்டு. தெகார்த்தே படுக்கையில் கிடந்தபடி கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து ஆய அச்சுகளைக் கண்டுபிடித்தார் என்பர். அவர் காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. 1637-இல் வெளிவந்த அவர் நூலில் நம் பிள்ளைகள் வரையும் நான்கு கால்பகுதித் தளமும் இல்லை. அவர் காலத்திலேயே பெர்மா தனியாக இம்முறையைக் கண்டார். அவர்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரேம் வேகத்தை வரைபடமாக்கினார். 1704-இல் வெளிவந்த நூலில் நியூட்டன், குறை எண் உட்பட நான்கு கால்பகுதிகளிலும் வளைகோடுகளை வரைந்து காட்டினார். அறிவு ஓர் ஈயின் அருளால் ஒருவருக்கு ஒரு நாளில் வந்ததன்று. பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்துக் கட்டிய மாளிகை.

ஆதிப்புள்ளி என்பதும் இயற்கை இட்ட முளையன்று. இங்கிலாந்தின் கிரீனிச்சைச் சுழியாக வைத்தால் விழுப்புரம் கிழக்கே ஏறத்தாழ எழுபத்தொன்பதரை பாகையில், மிகைப்பக்கம் நிற்கும். ஆனால் இந்திய நில அளவையாளர்கள் ஒரு காலத்தில் 1792-இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தையே தொடக்கமாகக் கொண்டனர். அதைச் சுழியாக வைத்தால் அதே விழுப்புரம் மேற்கே முக்கால் பாகையளவில், குறைப்பக்கம் நிற்கும். ஊர் அப்படியேதான் இருக்கிறது! மையம் எங்கே என்பது மனிதர் செய்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை மேலிருந்து வந்த கட்டளை என்று எவரும் நம்மை மிரட்டமுடியாது.

எப்படிக் கற்பிப்பது?

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களே, பனி பொழியும் நாட்டு வெப்பமானியைக் காட்டிச் சுழிக்குக் கீழே என்று விளக்காதீர்கள். சித்திரை வெயிலில் காயும் நம் பிள்ளை உறைநிலையைக் கண்டவளல்லள். அவள் கண்ட பொருள்கள் ஏராளம்.

விழுப்புரம் சந்திப்பைச் சுழியாக வையுங்கள். சென்னைத் திசை மிகை, திருச்சித் திசை குறை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் திருச்சி நோக்கிச் செல்லும் வண்டி இப்போது விழுப்புரத்தில் நிற்கிறது. இரண்டு மணி கழித்து எங்கே? திருச்சித் திசையில் நூறு, குறை நூறு. இரண்டு மணிக்கு முன் எங்கே இருந்தது? சென்னைத் திசையில் நூறு, மிகை நூறு. குறை வேகம், குறை நேரம், மிகை இடம்! பிள்ளை தானே கூறுவாள். நீங்கள் விதியைக் கூறவேண்டியதில்லை.

பிறகு பள்ளி முற்றத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போடுங்கள். திருவாமாத்தூரை ஆதிப்புள்ளியாக்குங்கள். கிழக்கும் வடக்கும் மிகை. திண்டிவனம் எந்தக் கால்பகுதி? வடகிழக்கு; இரண்டும் மிகை. திருவண்ணாமலை? மேற்கும் வடக்கும், முதலெண் குறை, இரண்டாவது மிகை. உளுந்தூர்ப்பேட்டை? இரண்டும் குறை. கடலூர்? முதலெண் மிகை, இரண்டாவது குறை. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஊராக நிற்கட்டும். பிறகு கடலூரை ஆதிப்புள்ளியாக்குங்கள். எல்லா ஊருக்கும் எண் மாறும், ஓர் ஊரும் நகராது. இரட்டைப் புலவர்க்காக ஆறு நகர்ந்தது என்ற கதையைப் பிள்ளைகள் அப்போது சிரித்துக்கொண்டே ஆராய்வார்கள்.

இறுதியாக, கணக்கேட்டுக்குத் திரும்புவோம். ஒரு குடும்பம் ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்கியது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. மாதம் 150 வட்டி மட்டும். தாய் மாதந்தோறும் தவறாமல் நூறு ரூபாய் கட்டுகிறாள். வட்டிக்கு வட்டி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கிடை அச்சில் மாதம், நிலை அச்சில் இருப்பு. தொடக்கத்தில் குறை 5000. முதல் மாதம் குறை 5050. பன்னிரண்டாம் மாதம் குறை 5600. புள்ளிகளை இணைத்தால் கோடு கீழ்நோக்கி இறங்குகிறது. ஆண்டு முழுதும் கட்டியும் கடன் வளர்ந்திருக்கிறது! மாதம் 150 கட்டினால் கோடு படுத்தே கிடக்கும். பத்தாண்டானாலும் அசல் அசையாது. 150-க்கு மேல் கட்டினால்தான் கோடு சுழியை நோக்கி ஏறும்.

இந்த ஒரு கோட்டைக் காணத் தெரியாமல் எத்தனை தலைமுறை மூழ்கியது! தந்தை பெற்ற கடனுக்கு மகன் பண்ணையில் உழைத்தான். மகன் உழைப்புக்குப் பேரனும் கணக்குக் கேட்கமுடியவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் சட்டம் வந்தது. சட்டம் சங்கிலியை அறுக்கும். சங்கிலி எப்படிப் பின்னப்பட்டது என்பதைக் கணக்குத்தான் காட்டும். திருவாமாத்தூர்க் கோயிலில் வட்டப்பாறை ஒன்று உண்டு. வழக்கு வந்தால் அதன்முன் சத்தியம் செய்வது மரபு என்பர். கடன் கொடுத்தவன் ஒரு சத்தியம், வாங்கியவன் ஒரு சத்தியம். பாறை என்ன தீர்ப்புக் கூறும்? வரைபடத்தாளைப் பாறைமேல் விரியுங்கள். ஒரு தாளும் ஒரு பென்சிலும் உண்மையைக் கூறிவிடும்!

ஆகவே இளைஞர்களே, குறை எண்ணைக் கற்பிப்பது தேர்வுக்கான வேலை என்று எண்ணாதீர்கள். பிரம்மகுப்தர் கடன் என்று பெயரிட்டதை, பாஸ்கரர் எதிர்த்திசை என்று கண்டதை, மதுரையில் பிறந்த டி மார்கன் செவி சாய்த்துக் கேட்டதை, நம் தெருப் பிள்ளையின் கையில் கொடுக்கும் வேலை அது. அவள் “ஏன்?” என்று கேட்கும்போது கோபம் கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், வா, சேர்ந்து தேடுவோம் என்று கூறுங்கள். வட்டிக் கணக்கேட்டின் முன் அந்தப் பிள்ளை நாளை நிமிர்ந்து நின்று அதே “ஏன்?” என்ற கேள்வியைக் கேட்பாள். அன்று அவளுக்கு மறுமொழி கூறவேண்டியவர்கள் வேறு சிலராக இருப்பார்கள்.